ஆவூர்க் கதவும் பறம்பு மலையும்

லோதி ரோட்டின் மேற்கு முனையில் சப்தர்ஜங்கின் கல்லறை. கிழக்கு முனையில் நிசாமுத்தீன். இடைப்பட்ட சாலையில் அலுவலகத்திற்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும், கறிகாய்க் கடைக்குமாக நடந்து காலுக்குப் பழகிப்போனவர் நம்மிற் பலர். அச்சாலையை ஒட்டி உறங்கும் மன்னர்களை நாம் அடிக்கடி எண்ணுவதில்லை. லோதித் தோட்டத்துள் மதில் சூழ்ந்த கட்டடம் ஒன்று சிக்கந்தர் லோதியின் கல்லறையாகும். அவன் மகன் இப்ராகிம், படையெடுத்து வந்த பாபரை 1526-இல் பானிபட்டில் எதிர்த்துப் பொருது களத்திலேயே மாண்டான். தந்தைக்குத் தில்லியிற் கல்லறை அமைந்தது. மகன் பானிபட்டிலேயே அடங்கினான். சாலையின் மறுகோடியில், நிசாமுத்தீன் தர்கா வளாகத்துச் சலவைக்கல் தடுப்புக்குள், முகலாய மன்னன் முகம்மது ஷா கிடக்கிறான். (லோதித் தோட்டத்திலும் ஒரு முகம்மது ஷாவின் கல்லறை உண்டு. அவன் சையது மரபினன்; முந்நூறு ஆண்டு முற்பட்டவன். பெயரொற்றுமை கண்டு மயங்கவேண்டா.) நாதிர் ஷா 1739-இல் படையெடுத்து வந்தபோது கர்னால் போரில் ஒருநாள் தோல்வியே முகம்மது ஷாவுக்கு நேர்ந்தது. ஆனால் பாசறைக்கு உணவு வரும் வழிகள் அடைபட்டன. அவன் பகைவனது கூடாரத்திற்குச் சென்று பேசினான்; உடன்பாடு கண்டான்; வந்தவனை விருந்தினனாகவே தலைநகருக்குள் அழைத்து வந்தான். அவ்வாண்டு மார்ச்சு 22-ஆம் நாள் தில்லித் தெருக்களில் ஆயிரக்கணக்கான மக்கள் வெட்டுண்டு மடிந்தனர். மயிலாசனம் பாரசீகம் போயிற்று. பஹாட்கஞ்சுத் தானியக் கடைகளில் விலை குறித்து எழுந்த பூசலே அக்கொலைக்குத் தொடக்கம் என எழுதும் வரலாற்றாசிரியரும் உளர்.

ஒருவன் பொருதான்; ஒருவன் பேசினான். இருவரும் ஒரே சாலையை நினைவூட்டி நிற்கின்றனர். படையெடுத்து வருபவன் முன் செய்யத்தக்கது யாது என்னும் வினாவுக்கு இவ்விரு கல்லறைகளும் விடை தருவன அல்ல. ஆயினும் இவ்வினாவை இவர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே நம் புலவர்கள் எழுப்பியுள்ளனர். 1894-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபின் அப்பாடல்களைப் பலரும் வீரத்தின் களஞ்சியமாகவே போற்றி வந்துள்ளனர். அஃது ஒரு பாதி உண்மை. முற்றுகையைப் பற்றிய பாடல்களைத் தனியே எடுத்து வைத்துப் படிப்பார்க்கு வேறொன்று புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதற்கு முன் நம் மனத்தில் படிந்துள்ள ஒரு கருத்தை ஒதுக்கிவைத்தல் நலம். பொருதவன் வீரன், பேசப் போனவன் துரோகி என்று எண்ணப் பழகிவிட்டோம். இதற்கு 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் ஒரு பெருங்காரணம். அப்படம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு எட்டையபுரம் என்னும் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. ஆனால் கட்டபொம்மன்தானும் முதலில் பேசவே முயன்றான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கலெக்டர் ஜாக்சனைக் காண ஊர் ஊராகப் பின்தொடர்ந்து அலைந்து, 1798-இல் இராமநாதபுரத்தில் அவனைக் கண்டான். அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. அடுத்த ஆண்டு கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். பேச்சும் போரும் இரு வேறு மனிதர்களின் குணங்கள் அல்ல; ஒரே மனிதன் வாழ்வில் அடுத்தடுத்து வருவன. இதனை நினைவிற்கொண்டு புறநானூற்றுக்குள் புகுவோம்.

சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டிருக்கிறான். உள்ளே கதவடைத்து இருப்பவன் அதே சோழர் குடியைச் சேர்ந்த நெடுங்கிள்ளி. அவனை நோக்கிக் கோவூர்கிழார் பாடியது 44-ஆம் பாடல். இப்பாடலில் அரசன் முதலில் வருவதில்லை; யானைகள் வருகின்றன. நீராடக் குளமின்றி, நெய் பிசைந்த சோற்றுக் கவளமின்றி, கட்டுத்தறியில் சாய்ந்தும் நிலத்திற் புரண்டும் பெருமூச்செறிந்து இடிபோலப் பிளிறுகின்றன. அடுத்து, பாலின்றி அலறும் குழந்தைகள். பின்னர், பூவின்றி வெறுங்கூந்தலை முடிந்துகொள்ளும் மகளிர். பின்னர், நீரற்ற நல்ல வீடுகளிலிருந்து எழும் அழுகுரல். இத்தனையும் காட்டிய பின்னரே புலவர் அரசன்பால் திரும்புகிறார். நீ அறநெறியாளன் எனில் ‘இவ்வூர் உன்னது’ என்று சொல்லிக் கதவைத் திற. மறவன் எனில் போரிடத் திற. இரண்டும் அல்லாமல் கதவை அடைத்துக்கொண்டு மதிலுக்குள் ஒரு மூலையில் ஒடுங்கியிருத்தல் எண்ணுங்கால் நாணத்தக்கது என்பது அவர் கூற்று.

உரையாசிரியர்கள் இவ்விறுதிப் பகுதியையே சிறப்பித்துப் பேசுவர். மேடைப் பேச்சாளர் கையாள்வதும் அதனையே. எனக்கோ பாடலின் எடை முன்பகுதியில் இருப்பதாகத் தோன்றுகிறது. கோவூர்கிழார் பணிவையும் போரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்! இரண்டில் எது உயர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒன்றையே விலக்கினார். அஃது ஏன் விலக்கத்தக்கதாயிற்று என்பதற்குக் காரணம், வீரக்குறைவு என்னும் பண்பில் இல்லை. யானைக் கவளத்திலும் குழந்தையின் பாலிலும் இருக்கிறது. அரசன் தன் முடிவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளையும் உள்ளே இருப்பவர் பட்டினியால் ஈடுசெய்கின்றனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும், எழவேண்டும். கோவூர்கிழார் நடுநிலையாளரா? புறநானூற்றின் 31, 32, 33 ஆகிய பாடல்கள் நலங்கிள்ளியைப் புகழ்ந்து இவரே பாடியவை. 382-ஆம் பாடலில், தாம் நலங்கிள்ளியின் பொருநர், பிறரைப் பாடிப் பரிசில் வேண்டார் என்றே கூறுகிறார். முற்றுகையிட்டவன் சோறு உண்டவர், முற்றுகைப்பட்டவனுக்குக் ‘கதவைத் திற’ என்று அறிவுரை கூறுவாராயின், அது புலவர் வாக்கா, பகைவன் தூதா? இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு அப்பாடலைப் புகழ்வது நேர்மையாகாது. நெடுங்கிள்ளியும் இவ்வாறே ஐயுற்றிருப்பான் என எண்ண இடமுண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி அவன் கொல்லப் புகுந்தான் என்று 47-ஆம் பாடலின் குறிப்புக் கூறுகிறது. முற்றுகையிலிருக்கும் ஊரில் பேச வருபவன் எவனும் ஒற்றனாகவே தோன்றுவான். அப்புலவனைப் பேசிக் காத்தவரும் கோவூர்கிழாரே.

ஐயத்தைத் தெளிவிப்பது 45-ஆம் பாடல். இப்போது முற்றுகை உறையூரில். இம்முறை புலவர் இருவரையும் ஒருங்கே நோக்கிப் பேசுகிறார். எதிர்நிற்பவன் பனந்தோடு சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. இருவரும் வெல்வது இயற்கையும் அன்று. உங்கள் பூசல் கண்டு உடல் பூரிப்பவர் பிற வேந்தரே என்கிறார். பரிசில் தந்தவனுக்கும் இவ்வளவு கூறத் துணிந்தவரை வெறுந் தூதர் எனல் பொருந்தாது. முற்றுகையிடுபவனை நாணச் செய்யும் பாடலும் புறநானூற்றில் உண்டு. கிள்ளிவளவன் கருவூரைச் சூழ்ந்திருந்தபோது ஆலத்தூர்கிழார் பாடிய 36-ஆம் பாடல், தன் காவல்மரங்களைக் கோடரிகள் வெட்டும் ஓசையைக் கேட்டும் உள்ளேயே இனிது இருக்கும் ஒருவனோடு முரசு முழங்கப் பொருதல் உனக்கு நாணுத்தரும் என்று வெளியே நிற்பவனைக் கடிகிறது. உள்ளிருப்பவனுக்கு ஒரு நாணம், வெளியே நிற்பவனுக்கு ஒரு நாணம். இரண்டும் சேர்ந்து முற்றுகை என்னும் நிலையையே முடிவுக்குக் கொணர முயல்கின்றன.

ஆனால் ஆத்திக் கண்ணி பற்றிய வாதம் உறவினரிடையேதான் செல்லும். ‘உன்னது’ என்று சொல்லித் திறந்தால் ஏற்பவன் தன் குடியினனாக இருக்கவேண்டும். வருபவன் அயலான் ஆயின்?

அதற்குப் பறம்பு மலைக்குச் செல்லவேண்டும். இன்று பிரான்மலை எனப்படும் அம்மலையைச் சேர சோழ பாண்டியர் மூவரும் கூடிச் சூழ்ந்தனர். பாரிக்கு நண்பராய் உள்ளே இருந்த கபிலர் மூவேந்தரை நோக்கிப் பேசுகிறார். 109-ஆம் பாடலை நம் பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். உழவர் உழாமலே நான்கு விளைபொருள் உடையது இம்மலை. மூங்கிலின் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வானில் மீன்களைப் போல அதன்கண் சுனைகள். மரந்தோறும் யானையைக் கட்டினாலும் வயல்தோறும் தேரை நிறுத்தினாலும் உங்கள் முயற்சியால் கொள்ளமுடியாது. வாளுக்கு அவன் தாரான். அதனைக் கொள்ளும் வழி எனக்குத் தெரியும். சிறிய யாழை மீட்டி, விறலியர் பின்வர, ஆடியும் பாடியும் வாருங்கள். நாட்டையும் மலையையும் சேர்த்தே தருவான்.

கபிலர் ஏன் ‘கதவைத் திற’ என்று பாரியிடம் சொல்லவில்லை? ஆவூரும் பறம்பும் இரண்டும் அடைபட்ட அரண்களே. ஒன்றில் அடைத்திருத்தல் நாணம்; மற்றொன்றில் பெருமை. இவ்வேறுபாட்டுக்குப் பாரியின் வள்ளன்மையையும் கபிலரின் நட்பையும் காரணமாகக் காட்டுவர். நான் வேறொன்று காட்ட விரும்புகிறேன். ஆவூரின் பட்டியலையும் பறம்பின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே கவளம் இல்லை, பால் இல்லை, பூ இல்லை, நீர் இல்லை. இங்கே நெல் உண்டு, பழம் உண்டு, கிழங்கு உண்டு, தேன் உண்டு, சுனைநீர் உண்டு. இரு வேறு புலவர்கள், ஒருவரை ஒருவர் அறிந்து பாடினரோ இல்லையோ, ஒரே கணக்கைத்தான் பார்த்திருக்கின்றனர். அரணின் வலிமையை இவர்கள் மதிலின் உயரத்தால் அளக்கவில்லை. உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்த்து அளந்தனர். எதிர்த்து நிற்கும் உரிமை அடுப்பிலிருந்து வருகிறது.

பின்வந்தவர்களும் இக்கணக்கை மறக்கவில்லை. பல ஆண்டு நீண்ட அம்முற்றுகையில் கிளிகளைப் பழக்கி, தொலைவிலுள்ள வயல்களிலிருந்து நெற்கதிர் கொணரச் செய்து உள்ளிருந்தோரைக் கபிலர் காத்தார் என ஒரு செய்தி வழங்குகிறது. நக்கீரர் பாடிய அகநானூற்றின் 78-ஆம் பாடல் அதற்கு இடம் தருவது. அது நடந்ததா என்று ஆராய்வது வீண். முற்றுகை நீண்டது என்று கேட்டவுடனே ‘உள்ளே இருந்தவர் என்ன உண்டனர்?’ என்று கேட்ட ஒரு மக்கட் கூட்டம் இருந்தது என்பதே அச்செய்தியின் மதிப்பு.

கபிலர் கூறும் பேச்சுவார்த்தையும் உற்று நோக்கத்தக்கது. தருவதற்குப் பாரி மறுக்கவில்லை; பறிப்பதற்கே மறுக்கிறான். 110-ஆம் பாடலில், பறம்பின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் முன்னரே பெற்றுவிட்டனர், எஞ்சியவை நாங்களும் பாரியும் குன்றுமே என்கிறார். பேரரசர் மூவரும் இரவலராக வரவேண்டும் என்பதே அவர் விதிக்கும் ஒரே நிபந்தனை. வேந்தர் ஏற்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். எனவே இதனை உடன்பாட்டுக்கான முயற்சி எனக் கொள்வதா, ஏளனம் எனக் கொள்வதா? ஏளனமே என்பது என் கருத்து. அந்த ஏளனத்திற்குப் பின் பாரி வீழ்ந்தான். 112-ஆம் பாடலில் அவன் மகளிர் சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் ஒப்பிட்டு அழுகின்றனர். அவர்களுக்கு மணமுடிக்கக் கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று வெறுங்கையோடு திரும்பினார். அழகிய ஏளனத்தின் விலையை அவ்விரு பெண்களும் செலுத்தினர் என்று சொல்வது கபிலருக்குச் செய்யும் குற்றமாகுமோ? அறியேன், ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இலக்கணம் இதனை எவ்வாறு நோக்கியது என்பதைச் சுருங்கக் கூறி மேற்செல்வேன். தொல்காப்பியம் அரணை முற்றுதலையும் அதற்கு எதிர் நிற்றலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கும். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அரண் காப்போனுக்கு நொச்சி எனவும், மண்ணாசையால் வருபவனை எதிர்ப்போனுக்குக் காஞ்சி எனவும் தனித் திணைகள் வகுத்தது. எதிர்ப்பவனுக்குத் தனிப்பெயர் கிடைத்தது சிறு செய்தி அன்று. பறம்புப் பாடல்களுக்குத் துறை வகுத்தவர் அவற்றை நொச்சித் திணையில் மகள் மறுத்தல் என்று குறித்துள்ளார். பாரி மகளிரைக் கேட்டே வேந்தர் வந்தனர் என்பது இதனால் பெறப்படும். பாடல்களில் அச்செய்தி வெளிப்படையாக இல்லை.

ஔவையார் தூது சென்ற வரலாறு யாவரும் அறிந்ததே. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இவை பீலி சூடி மாலை அணிந்து நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் உள்ளன. அவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் விடை கூறியதை 95-ஆம் பாடலில் காண்கிறோம். புகழ்வது போலப் பழித்தார் என்று ஆசிரியர்கள் இங்கே பாடத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் ஔவையார் இங்கே முடிக்கவில்லை. அந்த முறிந்த வேல்களுக்கு உரியவன் எத்தகையவன் என்று சொல்லியே முடிக்கிறார்: உள்ளபோது உணவு தருபவன், இல்லாதபோது இருப்பதைக் கூடியிருந்து உண்பவன், வறியோர் சுற்றத்துக்குத் தலைவன். தூதின் வலிமை அந்த இறுதி அடிகளில்தான் உள்ளது. ‘என் தலைவனின் ஊரை முற்றுகையிட்டால் உள்ளே பிளவு உண்டாகாது, பட்டினியையும் பகிர்ந்துகொள்வர்’ என்பதே தொண்டைமானுக்கு விடுத்த எச்சரிக்கை. நெடுங்கிள்ளிக்கு இல்லாதது இதுவே. அவன் மூலையில் இனிது இருந்தான், ஊர் அழுதது.

மகட்பாற்காஞ்சிப் பாடல்கள் மட்டும் இந்த அளவுகோலுக்கு அடங்கவில்லை. வேந்தன் ஒரு சிற்றூரில் பெண் கேட்கிறான், தந்தையும் தமையன்மாரும் மறுக்கின்றனர், ஊர் அழியப்போகிறது. கேட்கப்படுவது ஓர் உயிர். பேசித் தீர்க்க இடமில்லை. 336-ஆம் பாடலில் பரணர், பகையை வளர்த்தாள் என்று பெண்ணின் தாயையே நொந்துகொள்கிறார். பெரும்புலவர் என்பதற்காக இதனை ஒப்புக்கொள்ள இயலாது. பெண் கேட்டுப் படையோடு வந்தவன் இருக்க, பெற்றவள் பழி சுமப்பதா?

திருக்குறள் வினைசெயல்வகை அதிகாரத்தின் இறுதியில், 680-ஆம் குறளில், வள்ளுவர் இச்சிக்கலைத் தொடுகிறார். சிறிய இடத்தை ஆள்வோர் தம்முள் இருப்போர் நடுங்குவதற்கு அஞ்சி, தக்க உடன்பாடு கிடைக்குமாயின் பெரியாரைப் பணிந்து ஏற்பர் என்பது அதன் கருத்து. பரிமேலழகரும் இந்நடுக்கத்தைத் தலைவனுடைய நடுக்கமாகக் கொள்ளாமல் அவன் பகுதியாரின் நடுக்கமாகவே கொள்வர். பணிவதற்குக் காரணம் தன்னுயிர்க்கு அஞ்சுதல் அன்று, உள்ளிருப்பவர்க்காக அஞ்சுதல். கோவூர்கிழார் யானையையும் குழந்தையையும் காட்டிச் சொன்னதை வள்ளுவர் ஒரு சொல்லில் அடக்கியிருக்கிறார். ஆனால் ‘உடன்பாடு கிடைக்குமாயின்’ என்றொரு நிபந்தனையும் அதில் இருக்கிறது. கர்னாலில் முகம்மது ஷாவுக்குக் கிடைத்ததாகத் தோன்றியது, மார்ச்சு 22-இல் கிடைக்கவில்லை என்றாயிற்று.

லோதி காலனிக் குடியிருப்பொன்றில் ஞாயிறுதோறும் மாலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் புறநானூறு படிக்கிறோம். பெற்றோருடன் வரும் பிள்ளைகளுட் சிலருக்குத் தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே இன்னும் வருத்தம். 44-ஆம் பாடலுக்கு நான் விளக்கம் கூறி முடித்தபோது, எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி, “கதவைத் திறந்துவிட்டால் அந்தக் குழந்தைகளுக்குப் பால் கிடைத்ததா, தாத்தா?” என்று கேட்டாள். யானைக்குக் கவளம் கிடைத்ததா என்று அவள் தம்பி கேட்டான். பெரியவர்கள் சிரித்தார்கள்.

நான் அவர்களுக்கு 45-ஆம் பாடலைப் படித்துக் காட்டினேன். ஆவூர்க் கதவு திறந்ததா என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. அந்தக் குழந்தைகள் பின்னர் எந்தப் பாட்டிலும் வருவதில்லை. நெடுங்கிள்ளியின் பெயருக்கு முன் 47-ஆம் பாடலின் குறிப்பில் ஓர் அடைமொழி மட்டும் இருக்கிறது. காரியாற்றுத் துஞ்சிய என்பது அது. துஞ்சிய என்றால் இறந்த என்று பொருள் என்று சிறுமிக்குச் சொன்னேன். அவள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.